வெள்ளத்துரை பீரோவை ஒழித்தது

முத்தையாபுரத்தில் வெள்ளத்துரை வீட்டுக்கு யார் வந்தாலும், வந்த காரியத்தைச் சொல்வதற்குள் அவர் போனை எடுத்து நீட்டிவிடுவார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே பார்த்தார். கரண்டு கணக்கெடுக்க வந்த பெண் பார்த்தாள். தண்ணீர் கேன் போடுகிறவர் மூன்று தடவை பார்த்தாயிற்று. போனில் இருப்பது அவருடைய பேத்தி. பிறந்து இருபது நாள். கண்ணை இறுக மூடி, இரண்டு கையையும் பொத்திக்கொண்டு, யாரையோ குத்தப் போகிறவள் மாதிரி இருப்பாள்.

“மூக்கப் பாத்தீயளா? எங்க அம்மை மூக்கு. அப்படியே உரிச்சு வச்சிருக்கு.”

பார்த்தவர்கள் எல்லாரும் ஆமாம் என்றார்கள். பிறகு போய்விட்டார்கள். கேட்டுக் கொக்கியை மாட்டிவிட்டு உள்ளே வந்தால் வீடு கம்மென்று இருக்கும்.

நாலு மாதமாக அப்படித்தான். மகள் சரண்யாதேவி ஓசூரில் இருக்கிறாள். மாப்பிள்ளை செந்தில்முருகனுக்கு அங்கே கம்பெனி வேலை. தலைப்பிரசவம், தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று ஏழாம் மாதத்தில் மகளைக் கூட்டிவரப் போனாள் வெள்ளத்துரையின் மனைவி அருணாசலவடிவு. நாலு நாளில் வந்துவிடுகிறேன் என்று நாலு சேலையை மட்டும் பையில் வைத்துக்கொண்டு போனாள். அங்கே டாக்டரம்மா, ரயில் பஸ் எதுவும் ஆகாது, பிள்ளை பிறக்கிறவரை இடத்தைவிட்டு அசையக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். போனவள் போனவள்தான்.

வெள்ளத்துரைக்கு அறுபத்தொரு வயது. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பத்தொன்பது வயதில் புதுத் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து, கப்பலின் அடி அறைக்குள் இறங்கி மூட்டை அடுக்குகிற வேலையிலேயே ரிட்டையர் ஆனவர். நாள் முழுக்க பத்துப் பதினைந்து பேர் கத்திக்கொண்டே செய்கிற வேலை அது. வீட்டுக்கு வந்தால் வடிவு பேசுவாள், இவர் காதை ஆற வைப்பார். இப்போது ஆறின காது ஆறினபடியே கிடக்கிறது. டிவியைப் போட்டால் பேசுகிறது, ஆனால் இவர் பெயரைச் சொல்லி அது கூப்பிடுவதில்லை. காலையில் ஒரு தடவை சோறு வைப்பார். இரவுக்கும் அதுதான். துவைத்த துணியைக் கொடியிலிருந்து எடுத்து உடுத்துவார், மறுபடியும் துவைத்துக் கொடியிலேயே போடுவார். பீரோவைத் திறந்து நாலு மாதம் ஆகிறது.

சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் வரும். அதற்காக ஆறரைக்கே முகம் கழுவிவிடுவார்.

“சாப்ட்டீயளா?”

“சாப்ட்டேன்.”

“என்ன கொழம்பு?”

“சாளை மீன் கெடச்சுது. கொழம்பு வச்சேன்.” வைத்திருக்க மாட்டார். கடையில் வாங்கின ஊறுகாய்தான்.

அதற்குள் பேத்தி அழுவாள். “பிள்ள அழுதா, வைக்கேன்” என்று வடிவு வைத்துவிடுவாள்.

ஒரு சனிக்கிழமை அப்படி வைப்பதற்கு முன்னால் ஒரு சேதி சொன்னாள். “இன்னும் மூணு வாரத்துல வாரோம். சரண்யா ரெண்டு மாசம் நம்ம வீட்டுலதான் இருப்பா. நல்ல நாள் பாத்து அங்க வச்சுத்தான் பிள்ளையத் தொட்டில்ல போடணும். அதுக்குள்ள அந்தப் பீரோவ ஒழிச்சு வைங்க. ஒரு தட்டு முழுசா பிள்ளைக்கு வேணும். வேண்டாதத எடுத்துப் போடுங்க. எதையெடுத்தாலும் எல்லாம் மேல வந்து விழுது.”

“இம்புட்டுத்தானே? நாளைக்கே முடிச்சிருதேன்.”

அன்று ராத்திரி அவருக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. சந்தோஷம்தான். மகளுக்குக் கல்யாணம் ஆன இந்த இரண்டு வருஷத்தில் அவள் இங்கே சேர்ந்தாற்போல மூன்று நாள் தங்கினதில்லை. இப்போது இரண்டு மாதம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு பீரோவைத் திறந்தார். கப்பலில் செய்கிற மாதிரியே செய்தார். முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கட்டில்மேல் போட்டார். ஒரு துணிகூட உள்ளே இல்லை என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஈரத்துணியால் துடைத்தார். பிறகு பிரிக்க உட்கார்ந்தார்.

பிரிக்கப் பிரிக்க அவருக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அவருடைய துணி என்று பார்த்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிட்டது. மீதி எல்லாம் சேலை. பட்டு, விசேஷ வீடுகளில் கொடுத்தது, மாப்பிள்ளை தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தது, நூல் சுங்குடி இரண்டு. முக்கால்வாசிச் சேலை கடைக் கவரைவிட்டு வெளியே வரவில்லை. சில சேலையில் கடைக்காரன் குத்தின ஊசிகூட அப்படியே இருந்தது. இவ்வளவையும் உள்ளே பூட்டி வைத்துக்கொண்டு இந்த மனுஷி எதைக் கட்டிக்கொண்டு திரிந்தாள்?

அதற்குப் பதில் மேல்தட்டில் பின்பக்கம் இருந்தது. வெள்ளை வேட்டியில் கட்டின ஒரு மூட்டை. அவிழ்த்தால், வடிவு வருஷக்கணக்காக மாற்றி மாற்றிக் கட்டின நூல் சேலை நாலு. கரையெல்லாம் வெளுத்து, தூக்கிப் பிடித்தால் ஜன்னல் தெரிகிற மாதிரி நைந்து போயிருந்தது. கூடவே அவருடைய வேட்டி இரண்டு. போன வருஷம் இவர் தேடு தேடென்று தேடினபோது கிழிந்துபோச்சு என்று அவள் சொன்ன அதே வேட்டிகள்.

வெள்ளத்துரைக்குக் கோபம் வந்தது. கூடவே என்னவோ போலவும் இருந்தது. நல்லதையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு இந்தக் கந்தலையா கட்டினாள்? நாமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம், ஒரு நாள் கேட்டோமா?

“இனிமே நல்லதத்தான் கட்டணும். இது இருந்தா இதத்தான் எடுப்பா” என்று பீரோவிடம் சொன்னார்.

வேறு ஊராக இருந்தால் அந்த மூட்டை குப்பைக்குப் போயிருக்கும். அல்லது தரை துடைக்கிற துணியாகி வீட்டிலேயே கிடந்திருக்கும். வெள்ளத்துரை துறைமுகத்து ஆள். பழைய நூல் துணியைப் பார்த்தால் எஞ்சின்தான் ஞாபகம் வரும். எண்ணெயைக் குடிக்கிறது நூல் துணி மாதிரி எதுவும் கிடையாது. பாலியஸ்டர் வெறுமனே வழுக்கிக்கொண்டு போகும். விசைப்படகில் டிரைவராக இருக்கிற அவருடைய சிநேகிதர் ரோச், நல்ல நூல் துணி கிடைக்கவில்லை என்று எப்போதும் புலம்புவார். சாயங்காலம் மூட்டையை வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்விட்டார்.

ரோச் படகில் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். மூட்டையை அவிழ்த்துப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“வேய், தங்கம்லா கொண்டாந்திருக்கீரு! இந்தப் பதத்துல துணி எங்க கெடைக்கி? வீட்டுல கேட்டுத்தான் எடுத்தீரா?”

“எல்லாம் நாந்தான் ஒழிச்சேன். இங்கன வாரும், பிள்ள படம் பாத்தீரா?”

“போன வாரந்தான் காட்டுனீரு.”

“இது நேத்து எடுத்தது வே. மூக்கப் பாரும்.”

ரோச் கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். “அழகா இருக்கா. ஒம்ம சாயல் இல்ல. கடவுள் காப்பாத்திட்டாரு.”

வெள்ளத்துரை அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

திங்கட்கிழமை முழுக்க அடுக்கினார். கனமான பட்டு அடியில், லேசானது மேலே, இடையில் சந்து விழுந்த இடத்திலெல்லாம் ஜாக்கெட்டைச் சுருட்டிச் செருகினார். கப்பலில் ஒரு சாண் இடம் விட்டாலும் நடுக்கடலில் சரக்கு நகரும், ஒரு பக்கமாகச் சாயும். அந்தப் பழக்கம். முடித்துவிட்டுக் கதவைத் திறந்து பீரோவை உலுக்கிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. நடுத்தட்டு மட்டும் காலி. அதில் பேப்பர் விரித்து வைத்தார்.

ஏழு மணிக்கு வீடியோவில் காட்டினார்.

வடிவு கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு. இதுல ஒரு சேலைய உருவணும்னா ரெண்டு ஆள் வேணும் போலிருக்கே.”

“அசையாதுளா. பொயலடிச்சாலும் அசையாது.”

“வீட்டுக்குள்ள ஏன் பொயலடிக்கப் போவுது?” என்று சிரித்தாள். பிறகு, “மேல்தட்டுல பின்னால ஒரு வெள்ள மூட்டை இருந்துச்சுல்லா, அத எங்க வச்சீய?” என்றாள்.

வெள்ளத்துரை போனைப் பீரோவிலிருந்து திருப்பினார். “இருக்கு. உள்ள இருக்கு.”

“அத எடுத்து வெயில்ல நல்லா உணத்தி வைங்க. தொட்டில் அதுலதான் கட்டணும். வேட்டியக் கிழிச்சுப் பிள்ளைக்கு இடுப்புத் துணி. புதுத்துணி பிள்ள ஒடம்புல அறுக்கும், நம்மளே கட்டிப் பழசாக்குனதுதான் பிள்ளைக்கு ஆகும். சரண்யாவுக்குக் கல்யாணம் முடிஞ்ச அன்னைக்கே நெனச்சுட்டேன். இருக்கிற நூல் சேலையவே கட்டிக் கட்டித் தொவச்சு பஞ்சு மாதிரி ஆக்கி வச்சிருக்கேன். ஒங்க வேட்டியக்கூட ஒளிச்சு வச்சிட்டேன், கேட்டா குடுக்க மாட்டீயன்னு.” அதற்குள் உள்ளே பிள்ளை சிணுங்கியது. “இந்தா எந்திரிச்சிட்டா. வைக்கேன்.”

வெள்ளத்துரை போனை வைத்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் துறைமுகத்துக்கு வண்டியை விரட்டினார். ரோச் எஞ்சினை மறுபடியும் மாட்டி முடித்து, ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படகின் ஓரத்தில் ஒரு குவியல் கிடந்தது. கறுப்பாக, கிரீஸும் டீசலுமாக. அதில் ஒரு ஓரத்தில் மட்டும் வடிவின் பச்சைக் கரை கொஞ்சம் தெரிந்தது.

“மிச்சம் ஒண்ணாவது இருக்கா வே?”

“எல்லாத்தையும் கிழிச்சுட்டேனே. என்னாச்சு, ஏன் மொகம் இப்படி இருக்கு?”

சொன்னார். ரோச் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். “அட கிறுக்கு மனுசா. தொட்டில் துணியவா எனக்குக் கொண்டாந்தீரு?” பிறகு அவரே சொன்னார். “எங்க வீட்டுல ஏஞ்சலின் சேல நாலஞ்சு கெடக்கு, எல்லாம் பழசு. எடுத்துக்கிடும். யாருக்குத் தெரியப் போவுது?”

“வடிவுக்குத் தெரியும். வருசக்கணக்கா கட்டுன சேலைய அவளுக்குத் தெரியாதா?” அதோடு, கட்டினவள் பிள்ளைக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது வடிவின் கணக்கு. அதை ரோச்சிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அந்தப் பச்சைக் கரைத் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தார். சோப்பு போட்டு நாலு தடவை துவைத்தார். வெந்நீரில் முக்கினார். முகர்ந்து பார்த்தால் படகு நிற்கிற வாடை. அதை எப்படி அந்த மூக்குக்குப் பக்கத்தில் கட்டுவது?

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. மகள் முதன்முதலாகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். பிரசவம்தான் இங்கே நடக்கவில்லை, தொட்டிலாவது இங்கே என்று வந்தால், வீட்டில் ஒரு முழம் பழந்துணி இல்லை. தேடித்தான் பார்த்தார். அவருடைய லுங்கி எல்லாம் வழுவழுப்பு ரகம். வேட்டி என்று இருப்பது ஜரிகைக் கரை போட்ட புதுசு, அட்டை மாதிரி நிற்கும்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு ஜெபசெல்வி துணி எடுக்க மாடிக்கு வந்தபோது கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டார்.

“ஏம்மா, ஒரு புது நூல் சேல மெத்துன்னு ஆகதுக்கு எத்தன நாளாகும்?”

“என்ன அண்ணாச்சி, திடீர்னு? ஒரு வருசமாவது கட்டணும்.”

“மூணு வாரத்துல ஆகாதா?”

“உப்புத் தண்ணியில ஊற வச்சு, தெனமும் கட்டித் தெனமும் தொவச்சா கொஞ்சம் ஆகலாம். சும்மா தொவச்சா மட்டும் வராது, ஒடம்புல கெடந்து கசங்கணும். அக்காதான் ஊர்ல இல்லையே, யாரு கட்டுவா?”

வெள்ளத்துரை கீழே இறங்கிவிட்டார்.

பீரோவிலிருந்து அந்த இரண்டு சுங்குடிச் சேலைகளில் ஒன்றை உருவினார். வடிவு சொன்னது சரிதான். இவர் அடுக்கின அடுக்குக்கு இழுத்த இழுப்பில் மொத்தத் தட்டும் சேர்ந்து வந்தது. அதை அப்புறம் அடுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, சேலையை உப்புத் தண்ணீரில் போட்டார். காலையில் அலசிக் காயவைத்து, ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டார் என்றால், நீளத்தை மடித்து இடுப்பில் லுங்கி மாதிரி சுற்றி, மிச்சத்தைத் தோளில் போட்டுக்கொண்டார். மொடமொடவென்றிருந்தது. நடந்தால் சத்தம் கேட்டது.

சும்மா உட்கார்ந்திருந்தால் துணி கசங்காது என்று வீட்டைக் கூட்டினார். குத்தவைத்து உட்கார்ந்து பாத்ரூமைத் தேய்த்தார். அதற்கு மேல் செய்ய வேலை இல்லாமல், சமைக்கலாம் என்று அடுப்படிக்குள் போனார். நாலு மாதத்தில் முதல் தடவையாக உண்மையாகவே சாளை வாங்கிக் குழம்பு வைத்தார். வேர்த்தபோது முந்தியில் முகத்தைத் துடைத்தார். சட்டி சுட்டபோது முந்தியை வைத்துப் பிடித்தார். ராத்திரி அதையே போர்த்திக்கொண்டு படுத்தார். சேலையில் வடிவின் வாடை எதுவும் இல்லை. அவள்தான் அதைக் கட்டவே இல்லையே. கடை வாடைதான் இருந்தது. இரண்டு மூன்று நாளில் அதுவும் போய், புளியும் வேர்வையுமாக அவருடைய வாடை வந்தது. விடிந்ததும் துவைப்பார். காய்கிறவரை லுங்கி. காய்ந்ததும் சேலை.

ஐந்தாம் நாள் தண்ணீர்க் கேன்காரர் வந்து கேட்டைத் தட்டினார். அவசரத்தில் சேலையோடே கதவைத் திறந்துவிட்டார். வந்தவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, இந்தத் தடவை படத்தைப் பார்க்காமலே போய்விட்டார். ஜெபசெல்விக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மாடியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அண்ணாச்சி, கலர் ஒங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கு!” அவள் சிரித்தது அவருக்கு வருத்தமாக இல்லை. யாராவது அவரைப் பார்த்துச் சிரித்தே நாளாகிவிட்டது.

வடிவிடம் பேசும்போது மட்டும் மேலே சட்டையைப் போட்டுக்கொள்வார். போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். பன்னிரண்டாம் நாள் சேலையோடு ஈசிசேரில் கண் அசந்துவிட்டார். மணி ஏழானதும் போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் அப்படியே எடுத்துவிட்டார்.

“சாப்ட்டீயளா?” என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். “தோள்ல என்னது அது?”

“துண்டு.”

“சுங்குடியிலயா துண்டு போடுதாவ? போனக் கொஞ்சம் கீழ காட்டுங்க.”

காட்டினார். வேறு வழியில்லை. ரோச்சில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் பீரோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனைப் பார்த்தால், அவள் முந்தியால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

“சரண்யா கல்யாணத்துக்கு அப்புறம் பாத்துப் பாத்துச் சேத்தேன்” என்றாள். “எஞ்சினுக்கா கொண்டு குடுத்தீய?”

“தப்புத்தான்ளா.”

“இப்பக் கட்டியிருக்கீயளே, அது என்ன சேலன்னு தெரியுமா? தொட்டில் போடுத அன்னைக்கு நான் கட்டணும்னு வச்சிருந்தது.”

வெள்ளத்துரை தலையைக் குனிந்துகொண்டார்.

வடிவுதான் பேசினாள். “முந்திய எடுத்துக் கன்னத்துல ஒரசிப் பாருங்க. அறுக்குதா?”

உரசிப் பார்த்தார். “லேசா அறுக்குது.”

“அப்ப இன்னும் ஆகல.” மூச்சை இழுத்து விட்டாள். “நானும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எப்படிச் சொல்லன்னுதான் காலையில இருந்து நெனச்சுக்கிட்டிருந்தேன். மாப்பிள்ளைக்கு லீவு தரமாட்டேன்னுட்டாவளாம். டிக்கெட்ட மாத்தியாச்சு. இன்னும் ஒரு மாசம் தள்ளித்தான் வர முடியும்.”

தெருவில் உப்பு லாரி ஒன்று போய், அதன் சத்தம் அடங்குகிறவரை வெள்ளத்துரை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“ஒரு மாசமா?”

“ஒரு மாசந்தான்.”

“சரி. மெதுவா வாங்க” என்றார். “எனக்கும் துணி ஆகணும்லா.”

வடிவு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை அழ ஆரம்பித்தது. அவள் எழுந்திருக்கவில்லை. “சரண்யா, நீ தூக்கு, நான் ஒங்க அப்பாகிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்” என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பினாள். “அந்த இன்னொரு சுங்குடியையும் எடுத்துக்கோங்க. ஒண்ணு காயுதப்ப மத்தது வேணும்லா. இது என்ன கட்டு, சாக்கு சுத்துன மாதிரி? இப்படிக் கட்டுனா மூணு மாசமானாலும் ஒரு பக்கந்தான் கசங்கும். போன எதுலயாவது சாய்ச்சு வச்சிட்டு எந்திரிங்க.”

“எதுக்கு?”

“எந்திரிங்க சொல்லுதேன். கொசுவம் வைக்கச் சொல்லித் தாரேன்.”

வெள்ளத்துரை எழுந்தார். போனை டிவிக்கு முன்னால் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தார். மூட்டையைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்த விரல்களுக்கு மடிப்பு நிற்கவில்லை. ஒன்று பிடித்தால் ஒன்று நழுவியது. “சின்ன வெரலுக்கும் பெரு வெரலுக்கும் நடுவுல” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். “அங்கன இல்ல, இங்கன. விட்டுட்டீயளே. மறுபடியும் மொதல்ல இருந்து பிடிங்க.”

அவர் மறுபடியும் முதலிலிருந்து பிடித்தார்.